தறப்பாள் வீட்டுச் சங்கீதம்

ஓகஸ்ட் பதினேழு, வெள்ளிக்கிழமை. விடியமுன் எழுந்து கிணற்றடியில் முகம் கழுவினேன். பிளேன்ரீ குடித்தபடி வானொலியில் மரண அறிவித்தல் கேட்டேன். தெரிந்த பெயர் ஒன்றும் இல்லை. வெள்ளைச் சேட்டை மினுக்கிப் போட்டுக்கொண்டு முருங்கன் சந்தியில் முதல் பஸ் எடுத்தேன்.

மன்னார்ப் பாலத்தடியில் எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து ஆமிக்குக் காட்டி, நடந்து போய் மறுபடி ஏறும் வழக்கம் நின்று அதிக காலம் ஆகவில்லை. அந்த இடத்தில் ஒரு மாடு குறுக்கே வந்ததால் பஸ் மெதுவாகியது. உடனே பஸ்சுக்குள் பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றோம். சாரதி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்துகொண்டோம்.

அன்றைய டயறியில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "வழக்கம்போல். கடும் சோளகம். பிற்பகல் விழா." இந்தக் கிழமை அந்த விழாவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

(சென்ற கிழமை நான் எழுதிய தட்டச்சு இயந்திரத்தின் நிறம் பச்சை அல்ல, சாம்பல் என்று ஒரு வாசகர் திருத்தியிருக்கிறார். டயறியைப் பார்த்தேன். பச்சைதான்.)

ஒரு கட்டுரை, ஒரு பாட்டு

அப்போது நான் பல்கலைக்கழகமொன்றின் மன்னார் நிலையத்தில் உதவிப் பதிவாளர். நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பாதி ஓடு, பாதி தகரம் போட்ட ஒரு கட்டடம், நாலைந்து விரிவுரையாளர்கள், வளவு முழுக்கக் கழுதைகள். மன்னார்க் கழுதைகளுக்கு எந்தக் கந்தோருக்குள்ளும் போக அனுமதி உண்டு. ஒரு தடவை பரீட்சை மண்டபத்தில் ஒன்று முழு நேரமும் நின்றது. அது தொந்தரவு செய்யவில்லை என்று மேற்பார்வையாளர் குறிப்பு எழுதியிருந்தார்.

வருடத்துக்கு ஒரு நாள் எங்களுக்கு விழா. மாணவரும் ஆசிரியரும் செய்த ஆய்வுகளை வாசிப்பார்கள். வரைந்த படங்களும் எழுதிய கவிதைகளும் சுவரில் தொங்கும். எங்கள் பாடகர் குழு பாடும்.

முதல் வருடம் காலையில் கட்டுரைகள், பின்னேரம் பாட்டு என்று வைத்தோம். காலையில் மண்டபத்தில் இருந்தவர்கள் கட்டுரை வாசித்தவரும் அவருடைய மாமியாரும்தான். பின்னேரம் நிற்க இடமில்லை. பிள்ளை பாடுவதைப் பார்க்க முழுக் குடும்பமும் வந்தது. கட்டுரைக்கு அப்படி யாரும் வருவதில்லை.

ஆகவே அந்த வருடம் நான் ஒரு புது ஒழுங்கு போட்டேன். ஒரு கட்டுரை, அதன் பின் ஒரு பாட்டு. மறுபடி ஒரு கட்டுரை, ஒரு பாட்டு. மொத்தம் மூன்று கட்டுரை. பாட்டுக்கு வந்தவர் கட்டுரையைத் தாண்டித்தான் அடுத்த பாட்டுக்குப் போக முடியும். எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

கதிரைதான் பிரச்சினை. மடு மாதா கோயில் திருவிழா முடிந்து இரண்டே நாள். வாடகைக் கதிரை எல்லாம் இன்னும் மடுவிலேயே கிடந்தன. ஓலைத்தொடுவாய் மூப்பரிடம் போனேன். மூப்பர் என்றால் ஊர்க் கத்தோலிக்கக் கோயில் காரியங்களைப் பார்க்கும் பெரியவர். சாமியார் வராத நாளில் செபம் சொல்லுவிப்பதும் அவர்தான்.

"கோயில் வாங்கு தரலாம் சேர்" என்றார். "ஆனா எங்கட சனம் கோயில்ல இருக்கிற ஒழுங்கிலதான் இருக்கும். ஆம்பிளையள் ஒரு பக்கம், பொம்பிளையள் மற்றப் பக்கம். பேந்து மாறி இருக்கச் சொல்லக் கூடாது."

"ஒழுங்கு எண்டால் எனக்குச் சந்தோசம்தான்" என்றேன்.

உழவு இயந்திரப் பெட்டியில் வாங்குகள் வந்து இறங்கின. நீள மர இருக்கைகள்; பின்பக்கத்தில் முழந்தாள் படியிடும் பலகையும் சேர்ந்தே இருந்தது. மண்டபம் ஒரு பழைய கருவாட்டுக் களஞ்சியம். வாங்குகளை இரண்டு வரிசையாகப் போட்டு, நடுவில் வழி விட்டு, முன்னால் மேசையில் வெள்ளைத் துணி விரித்தோம். வாசிப்பவருக்கு ஒரு பக்கத்தில் உயரமான சாய்வு மேசை. வாசலில் நின்று பார்த்தேன். மிகத் திருப்தியாக இருந்தது.

நான் வயல்காரக் குடும்பம். எங்கள் பிள்ளையார் கோயிலில் மேளம் ஒரு பக்கம் முழங்கும். மறுபக்கத்தில் நாங்கள் நெல் விலை பேசுவோம். சங்கீதம் அதன் வேலையைப் பார்க்கும், நாங்கள் எங்கள் வேலையைப் பார்ப்போம். ஆகவே இந்த வாங்குகளோடு வேறு என்னென்ன சேர்ந்து வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

ஜெனிற்றாவின் பாட்டு

ஜெனிற்றா எங்கள் தற்காலிக இசை விரிவுரையாளர். முப்பது வயது ஆகவில்லை. அவருடைய நியமனம் அந்த மாதக் கடைசியோடு முடிய இருந்தது. நிரந்தரமாவதற்குப் பல்கலைக்கழகம் கேட்டது ஒன்றே ஒன்று: ஓர் ஆய்வு, அல்லது ஒரு புது ஆக்கம். ஜெனிற்றா ஒரு பாட்டு ஆக்கியிருந்தார். அது மேடையேறும்போது வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்து கேட்டு, புதியதுதான் என்று சொல்ல வேண்டும். முன்னர் வேறோர் இடத்தில் ஒருவர் பழைய பஜனைப் பாட்டொன்றைத் தன்னுடையது என்று காட்டி நியமனம் வாங்கியிருந்தார். அதிலிருந்து இந்த "புதியது" என்ற சொல்லில் எல்லோருக்கும் ஒரு பயம்.

நிபுணர் சொல்லாவிட்டால் ஜெனிற்றா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இசை வகுப்பும் அவரோடு போகும். அந்த அறையைக் கணினி வகுப்புக்கு எடுக்க ஏற்கெனவே அளந்துவிட்டார்கள்.

பாட்டின் பெயர் "சோளகம்", அந்த மாதங்களில் எங்கள் பக்கம் அடிக்கும் தென்மேல் காற்று. சொற்கள் விடத்தல்தீவு மாணவன் ஒருவனுடையவை. "சோளகம் வந்து கதவைத் தட்டுது, கதவு எங்கே என்று கேட்டோம்" என்று தொடங்கும். நாலு குரலில் பாடுவது. மெட்டும் சொற்களும் உச்சக் குரல் பெண்பிள்ளைகள் ஆறு பேருக்கு மட்டும். தாழ்குரல் பெண்பிள்ளைகளுக்கு "ஊ" என்று காற்று மாதிரி ஒரே சத்தம். பையன்களில் மெல்லிய குரல்காரருக்கு "எங்கே, எங்கே". அடிக்குரல்காரருக்கு "தட்டு, தட்டு". தனித்தனியே கேட்டால் நாலும் நாலு விதமான விசர். ஒன்றாகச் சேர்ந்தால் கையில் மயிர் எழும்பும். என் கந்தோர் அறை பக்கத்தில் என்பதால் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றாகச் சேர்வது சனிக்கிழமைகளில் மட்டும்தான். மற்ற நாட்களில் அந்த அறையில் வகுப்பு நடக்கும். ஆகவே ஜெனிற்றா ஒவ்வொரு பிள்ளையின் போனிலும் அந்தப் பிள்ளையின் பகுதியை மட்டும் பாடிப் பதிந்து கொடுத்தார். வீட்டில் வைத்துப் பாடிப் பழக வேண்டும். மூன்று மாதம் பழகினார்கள்.

விழா அன்று காலை ஜெனிற்றா என் அறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"சேர், பிள்ளையள் தொண்டையை மடுவில போட்டிட்டு வந்திருக்குதுகள்."

"என்ன?"

"பத்து நாள் கூடாரம் அடிச்சு இருந்து, செபமாலையும் பாட்டும். புழுதி வேற. நேற்றுத்தான் வந்தவையாம்."

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"அடிக்குரல் பரவாயில்லை. மற்றதெல்லாம் கோழிக்குஞ்சு மாதிரிக் கத்துதுகள்."

ஒரு பெரிய கேத்தலில் மல்லி அவிக்கச் சொன்னேன். பாடகர் குழு முழுவதும் வரிசையில் நின்று குடித்தது. மத்தியானத்துக்குள் தொண்டை கொஞ்சம் திறந்தது. மலசலகூடத்தின் வாசலிலும் வரிசை நின்றது.

எழும்பியாச்சே

பேராசிரியர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர். நெற்றியில் சந்தனம், தோளில் சால்வை. மூன்றாவது கட்டுரையும் அவருடையதே. கடைசியில் பாடப்படும் "சோளகம்" புதியதா என்று சொல்ல வேண்டியவரும் அவரே. முன் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இராணுவ முகாமிலிருந்து ஓர் அதிகாரி இருந்தார். அந்த நாட்களில் கூட்டம் என்றால் முகாமுக்கு அறிவிப்போம். அவர்கள் ஒருவரை அனுப்புவார்கள். அவர் தமிழ் தெரியாமல் முழு நேரமும் மரியாதையாக இருப்பார்.

வாங்குகள் நிரம்பின. ஓலைத்தொடுவாயிலிருந்தும் விடத்தல்தீவிலிருந்தும் பெற்றோர்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். வாசலில் பன்னீர்ச் செம்பு வைத்திருந்தோம். பெண்கள் அதில் விரலைத் தொட்டு நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். அப்போதாவது எனக்கு விளங்கியிருக்கலாம்.

முதல் கட்டுரை ஒரு மாணவியுடையது, கரைவலைத் தொழிலில் பெண்கள் பற்றி. நன்றாக வாசித்தாள். "நன்றி" என்று முடித்துத் தலையைக் குனிந்தாள். கைதட்டல் வரவில்லை. வாங்குகளிலிருந்து தாழ்ந்த குரலில், எல்லோரும் ஒன்றாக:

"இறைவா, உமக்கு நன்றி."

மாணவி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

பாட்டு நடந்தது. இரண்டாவது கட்டுரை எங்கள் சமூகவியல் விரிவுரையாளருடையது. மன்னார் நகரத்துக் கழுதைகளின் வாழ்க்கை முறை. கடைசி வரி: "ஆகவே, கழுதைகளை இந்த நகரத்தின் நிரந்தர வாசிகளாகவே கொள்ள வேண்டும்."

"இறைவா, உமக்கு நன்றி." இந்த முறை பலமாக.

நான் சுவரோரமாக நடந்து மூப்பரிடம் போனேன்.

"மூப்பர், என்ன இது?"

"நாங்கள் என்ன சேர் செய்யிறது? இந்த வாங்கில இருக்கிறம். முன்னுக்கு ஒராள் நிண்டு வாசிக்கிறார். பேந்து பாட்டு வருது. பூசையில வாசகம் மாதிரியே. வாய் தானாச் சொல்லுது."

"கை தட்டலாமே."

"கோயில் வாங்கில இருந்துகொண்டோ?" என்று கேட்டார். நான் சுவரோரமாகவே திரும்பினேன்.

பாட்டு முடிந்தது. பேராசிரியர் கட்டுரையோடு சாய்வு மேசைக்குப் போனார். ஞாயிறு பூசையில் மூன்றாவது வாசகம் நற்செய்தி என்றும், அதற்கு எல்லோரும் எழும்பி நிற்க வேண்டும் என்றும் நான் அறிந்துகொண்டது அந்த நிமிடத்தில்தான். மண்டபம் முழுவதும் எழுந்தது. முதலில் எழுந்தவர் அந்த அதிகாரி. அவர் நீர்கொழும்புப் பக்கத்துக் கத்தோலிக்க மீனவ ஊர்க்காரர் என்று பின்னர் தெரிந்தது.

பேராசிரியர் அசந்துபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ர சொந்தத் துறையிலகூட எனக்கு ஆரும் எழும்பினதில்லை" என்றார் ஒலிவாங்கியில். கையில் இருந்த சுருக்கத்தை வைத்துவிட்டு, பைக்குள்ளிருந்து முழுக் கட்டுரையையும் எடுத்தார். பழந்தமிழ்ப் பண்களும் கடற்காற்றும் பற்றியது. தடிப்பமாக இருந்தது.

சனம் நின்றது. அவர் வாசித்தார். சனம் காலை மாற்றி நின்றது. அவர் ஒவ்வொரு பண்ணாக எடுத்தார். எனக்குப் பக்கத்து வாங்கில் விடத்தல்தீவு பிலோமினா அக்கா நின்றார். கருவாடு போட்டு விற்பவர். அவருடைய மகள் குழுவில் தாழ்குரல்.

"சேர்" என்று முணுமுணுத்தார். "என்ர முழங்கால் விட்டுப் போச்சு. உந்த ஐயா எப்ப முடிப்பார்?"

"நீங்கள் இருங்கோ அக்கா."

"நற்செய்திக்கு இருக்கலாமே?"

"இது நற்செய்தி இல்லை."

"தெரியும் சேர். ஆனா எழும்பியாச்சே."

மூப்பர் முன் வாங்கிலிருந்து திரும்பி, என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "குருத்தோலை ஞாயிறு மாதிரிக் கிடக்கு சேர். நீளம்."

நீரும் வாயசைச்சனீர்

ஒருவழியாகப் பேராசிரியர் முடித்து, நெஞ்சில் கை வைத்து வணங்கி, வந்து அமர்ந்தார். சனமும் பெருமூச்சோடு அமர்ந்தது. ஜெனிற்றா மேடையில் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டிக் கையை உயர்த்தினார். "சோளகம்" தொடங்கியது.

முதல் வரியில் பிள்ளைகளின் குரல் கரகரத்தது. இரண்டாவது வரியில் பாதிச் சத்தம்தான் வந்தது. பேராசிரியர் காதைச் சாய்த்தார்.

மூன்றாவது வரியில் வாங்குகள் பாடத் தொடங்கின.

கோயிலில் பாடகர் தளர்ந்தால் சனம் தூக்கும். அதுதான் அவர்கள் பழக்கம். சாமியார் கேட்க வேண்டியதில்லை, மூப்பர் கை காட்ட வேண்டியதில்லை. பெண்கள் பக்கம் எழுந்தது, ஆண்கள் பக்கம் எழுந்தது. பெற்றோரின் தொண்டைகள் கடலில் வள்ளத்துக்கு வள்ளம் கூப்பிட்டுப் பழகியவை. மடு அவற்றை ஒன்றும் செய்யவில்லை. தகரக் கூரை அதிர்ந்தது. ஜெனிற்றா திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் மல்லித் தண்ணீர் வேலை செய்கிறது என்று நினைத்தாராம்.

பாட்டு முடிந்தபோது என் கையில் மயிர் எழும்பி நின்றது. பேராசிரியர் பேனையை மூடிச் சேட்டுப் பையில் குத்தினார்.

"பதிவாளர், இது எந்தக் கோயில் பாட்டு?"

"இதுதான் ஐயா மிஸ் ஜெனிற்றாவின்ர புது ஆக்கம்."

"புதுசோ? முழு மண்டபமும் பாடுது. பாடாதது நானும் அந்த அதிகாரியும்தான். நீரும் வாயசைச்சனீர், நான் கண்டனான்."

உண்மைதான். பக்கத்து அறையில் மூன்று மாதம் இருந்ததில் "தட்டு, தட்டு" எனக்கும் ஒட்டியிருந்தது.

"புதுப் பாட்டை ஊர் முழுக்கப் பாடாது. ஊர் முழுக்கப் பாடினால் அது பழைய பாட்டு. நான் இதைப் புதுசு எண்டு சொல்ல ஏலாது" என்றார். சத்தமாகவே சொன்னார். ஒலிவாங்கி பக்கத்தில் திறந்தபடி இருந்தது. மண்டபம் முழுவதும் கேட்டது.

ஜெனிற்றா மேடையிலிருந்து இறங்கி வந்தார். "ஐயா, நான் ஆக்கினது. ஒவ்வொரு சுரமும் நான்..." அதற்கு மேல் குரல் வரவில்லை. அவரும் மடுவுக்குப் போய் வந்தவர்தான்.

மூப்பர் உதவிக்கு எழுந்தார். எழாமல் இருந்திருக்கலாம்.

"எங்கட பாட்டுத்தான் ஐயா! எங்கட சனம் எந்நேரமும் பாடுறது."

"கேட்டீரே" என்றார் பேராசிரியர் என்னிடம். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "ஆராவது ஒராள் தனியப் பாடுங்கோ பாப்பம்."

ஒரு தாய் எழுந்தார். உச்சக் குரல் பிள்ளையொன்றின் தாய். கண்ணை மூடிக்கொண்டு மெட்டையும் சொற்களையும் பிழையில்லாமல் பாடினார். பேராசிரியர் என்னைப் பார்த்தார்.

"அது பிழை!"

பிலோமினா அக்கா.

"பாட்டு அப்பிடி இல்லை ஐயா. அவ கண்டபடி இழுக்கிறா. பாட்டு இப்பிடி." மூச்சை இழுத்தார். "ஊ..."

ஒரே சுரம். பேராசிரியர் அடுத்த சுரத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. பிலோமினா அக்காவின் முகம் சிவந்துகொண்டே போனது.

"அவ்வளவுதானோ?"

"நடுவில ஒருக்கா மூச்சு விடவேணும். அதுதான் கஸ்ரம்."

ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவருடைய அயலவர் சவிரி அண்ணை, வலை வேலைக்காரர், மகன் அடிக்குரல். "எடியே, உதென்ன பாட்டே? கப்பல் ஊதுற மாதிரி" என்றார். "பாட்டு எண்டால் இது." வாங்கின் முதுகில் கையால் அடித்துக்கொண்டு பாடினார். "தட்டு தட்டு... தட்டு தட்டு தட்டு..."

"அது மேளம். பாட்டு இல்லை" என்று பின்னால் இருந்து சொன்ன இன்னொருவர், "எங்கே, எங்கே" என்று அழுவது போலப் பாடிக் காட்டினார்.

"உமக்கு ஒண்டும் தொலையேல்லை, இரும்" என்றார் பிலோமினா அக்கா.

பேராசிரியர் இரண்டு கையையும் தூக்கினார். "நில்லுங்கோ. இப்ப எல்லாரும் சேந்து ஒரு பாட்டுத்தானே பாடினீங்கள்?"

"ஓம்."

"பேந்து ஏன் நாலு விதமாக் கிடக்கு?"

"மற்றவையின்ர பிழை ஐயா" என்றார் பிலோமினா அக்கா.

"அக்கா, நீங்கள் இந்தப் பாட்டை எங்க கேட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"எங்க கேக்கிறது? என்ர பெட்டை மூண்டு மாதமா இந்த ஊவைப் போட்டு இழுக்கிறாள். எங்கட வீட்டுக்குச் சுவரா இருக்கு, கதவைச் சாத்திப்போட்டு இருக்க? தறப்பாள்தானே. அவள் உள்ளுக்க ஊத, நான் வெளிய கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊதிறன். அங்கால சவிரியின்ர பெடியன் தட்டிறான். அதைக் கேளாமல் இருக்கத்தான் நான் இன்னும் பலமா ஊதிறது."

தறப்பாள்

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தறப்பாள் வீட்டில் இருக்காதவர்களுக்கு இது விளங்காது.

யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பி வந்த எல்லோருக்கும் முதலில் கிடைத்தது நாலு தடியும், தறப்பாள் என்கிற பிளாஸ்ரிக் விரிப்பும்தான். கல் வீடு பிறகு வரும் என்றார்கள். எங்கள் பக்கத்திலும் ஒரு காலம் அப்படித்தான். தறப்பாள் வெயிலைத் தடுக்காது, காற்றைப் பாதி தடுக்கும், சத்தத்தைத் தடுக்கவே தடுக்காது. அடுத்த வீட்டில் புருசன் பெண்சாதி சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நாங்கள் படுத்தபடியே தீர்ப்புச் சொல்லுவோம். குறட்டையை வைத்து யார் இன்னும் தூங்கவில்லை என்று தெரியும். ஒரு கிழவர் எங்கள் வரிசையில் செபம் சொன்னால், மூன்று வீடு தள்ளி இருந்தவர்கள் மறுமொழி சொல்லுவார்கள்.

அந்தப் பிள்ளைகள் மூன்று மாதம் பாடியது அப்படியான வீடுகளில். ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையின் பகுதியைப் படித்தது. அதுதான் பாட்டு என்றும் நம்பியது. முழுப் பாட்டையும் எந்த வீடும் கேட்டதில்லை.

கதவையோ?

பேராசிரியர் ஒரு வாங்கில் அமர்ந்தார். சால்வையை மடியில் போட்டார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. சத்தமில்லாமல் சிரித்தார்.

"பதிவாளர், பழைய பாட்டு எண்டால் எல்லாருக்கும் மெட்டுத் தெரிஞ்சிருக்கும். இங்க மெட்டுத் தெரிஞ்சது ஆறு வீட்டுக்குத்தான். மற்ற எல்லாரும் துண்டு துண்டா வைச்சிருக்கினம்." பிறகு ஜெனிற்றாவிடம்: "பிள்ளை, வாங்குப் பக்கம் திரும்பி நில்லும். எனக்கு இன்னொருக்காக் கேக்கவேணும்."

ஜெனிற்றா திரும்பினார். கையை உயர்த்தினார்.

முதலில் பிலோமினா அக்காவையும் மற்றத் தாழ்குரல் வீடுகளையும் "ஊ" சொல்ல வைத்தார். அது நிற்கும்போதே சவிரி அண்ணை பக்கத்துக்குக் கை காட்டினார், தட்டல் தொடங்கியது. பிறகு "எங்கே" வந்தது. இவை மூன்றும் ஓடிக்கொண்டிருக்க, ஆறு தாய்மாரும் சொற்களை எடுத்தார்கள்.

சோளகம் வந்து கதவைத் தட்டுது. கதவு எங்கே என்று கேட்டோம்.

முதல் தடவை எல்லோரும் தங்கள் தங்கள் பிள்ளைக்காகக் கத்தியவர்கள். இந்த முறை மற்றவரைக் கேட்டுக்கொண்டு பாடினார்கள். பிலோமினா அக்கா மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பாட மறந்து, வாயைத் திறந்தபடி மற்றத் தாய்மாரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் மேடையிலிருந்து கையசைத்த பிறகுதான் மறுபடி பிடித்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. வெளியே காற்று மட்டும். சவிரி அண்ணை வாங்கின் முதுகில் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

"ஓ" என்றார். "நான் தட்டினது கதவையோ? மூண்டு மாதமா என்னத்தைத் தட்டிறன் எண்டு தெரியாமல் தட்டிக்கொண்டு இருந்தன்."

ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். சிரிக்கும்போதே சில பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். அதிகாரி பக்கத்தில் இருந்த மாணவனிடம் பாட்டின் சொற்களுக்கு அர்த்தம் கேட்டார். மாணவன் சொன்னான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பேராசிரியர் எழுந்து ஒலிவாங்கியிடம் போனார். நாங்கள் எல்லோரும் கொஞ்சம் பயந்தோம். இந்த முறை சுருக்கமாகவே பேசினார்.

"இது புதுப் பாட்டு. நான் கேட்டனான். அப்பிடியே எழுதிக் குடுப்பன்."

ஜெனிற்றா நன்றி சொல்ல வாயைத் திறந்தார். குரல் இல்லை. மேடைப் படியில் அமர்ந்து, சைகையால் தண்ணீர் கேட்டார். கேத்தலில் மல்லி முடிந்திருந்தது. யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள்.

நான் வாங்குகளை எண்ணி ஏற்றி அனுப்பிவிட்டு, பேராசிரியரை யாழ்ப்பாண பஸ்சில் இருத்தினேன். "உங்கட சனம் அருமையான சனம். எவ்வளவு பொறுமையா நிண்டு கேட்டவை" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை.

சனிக்கிழமை

காலையில் கந்தோரைத் திறக்கப் போனபோது வாசலில் பிலோமினா அக்கா நின்றார். முதல் பஸ்சில் சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்தவர், பெட்டியோடு நேரே இங்கே வந்திருந்தார். ஜெனிற்றாவும் அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினார். குரல் பாதி திரும்பியிருந்தது.

"ரீச்சர், இரவு முழுக்க யோசிச்சனான்" என்றார் பிலோமினா அக்கா. "என்ர பெட்டையை அந்த மெட்டுப் பாடுற பக்கம் மாத்துங்கோ. அவைக்கு எவ்வளவு வடிவான பாட்டு! நாங்கள் இந்த ஒரு சுரத்தோட கிடந்து சாகிறம்."

ஜெனிற்றா சைக்கிளை நிறுத்திப் பூட்டினார்.

"ஏலாது அக்கா. அவளுக்கு நல்ல தாழ்குரல். அவள் இல்லாட்டி மெட்டுக்குக் கீழ ஒண்டும் இல்லை."

"அப்ப அந்த ஊவை எண்டாலும் கொஞ்சம் ஏத்தி இறக்கித் தாங்கோவன்."

ஜெனிற்றா யோசித்தார்.

"அடுத்த வருசம் ரெண்டு சுரம் தாறன்" என்றார்.

மாதக் கடைசி, பரீட்சை முடியுமட்டும், ஒப்பந்தம் இருக்குமட்டும் என்றுதான் அவர் அதுவரை எங்களோடு பேசியிருந்தார். அடுத்த வருடம் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திறப்புக் கோர்வையை எடுத்து, மற்ற எல்லா அறைகளுக்கும் முதல், இசை அறையைத் திறந்தேன்.